அத்தியாயம் 9: பைக்கில் ஜிபிஎஸ் பொருத்துவதும் வயரிங் செய்வதும்

இந்த வேலையைத் திருச்சியில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் செய்து கொடுப்பார்கள். ஆனால் நீங்களே செய்தால் எந்த வயர் எங்கிருந்து புறப்பட்டு எங்கே முடிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். துறையூர் ரோட்டில் இருட்டிய பிறகு சார்ஜ் ஏறாமல் நின்றால், சீட்டைத் தூக்கி ஃபியூஸைப் பார்க்கும் துணிச்சல் அதனால்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதற்குப் போதும்.

தொடங்கும் முன் ஒரு விதியை மனதில் வையுங்கள்: வண்டியோடு வந்த வயர் எதையும் வெட்டக் கூடாது. நாம் சேர்ப்பதெல்லாம் கனெக்டர் மூலமாகத்தான் சேர வேண்டும். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இடத்தில்தான் மழைக்காலத்தில் துரு ஏறும், கரண்ட் விட்டு விட்டு வரும். புது வண்டியாக இருந்தால் வாரண்டிக்கும் அது இடைஞ்சல்.

## முதலில் தீர்மானிக்க வேண்டியவை

உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறதா? 2020-இல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350-இல் வழி காட்டும் சின்னத் திரை உண்டு. 2021-இல் வந்த புதிய கிளாசிக் 350-இல் ஹேண்டில்பாரிலேயே யுஎஸ்பி சாக்கெட் உண்டு. அப்படி இருந்தால் மவுண்ட் மட்டும் வாங்கினால் போதும். வயரிங் பகுதியைத் தாண்டிவிடலாம்.

தனிக் கருவியா, செல்போனா? பைக்குக்கென்றே வரும் ஜிபிஎஸ் கருவி மழை, வெயில், அதிர்வு மூன்றையும் தாங்கும். கையுறையோடு தொட்டாலும் வேலை செய்யும். விலைதான் அதிகம். செல்போன் கையிலேயே இருக்கிறது. ஆனால் அது அதிர்வுக்காகச் செய்யப்பட்டதல்ல. சக்திவாய்ந்த பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. விலை உயர்ந்த போனாக இருந்தால் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த மவுண்ட் வாங்குங்கள். அல்லது பழைய போன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

சட்டம்: 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த இடம் தருகிறது. கையில் பிடித்துப் பேசுவது, மெசேஜ் பார்ப்பது குற்றம். எனவே போனை மவுண்டில் வைத்ததும் அழைப்பு, வாட்ஸ்அப் அறிவிப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

கவனம்: இங்கே சொல்லும் வயரிங் 12 வோல்ட் பேட்டரி உள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டுமே. எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பெரிய பேட்டரியில் எதையும் கோக்காதீர்கள்.

## வாங்க வேண்டிய பொருட்கள்

- ஹேண்டில்பார் மவுண்ட். பெரும்பாலான வண்டிகளின் ஹேண்டில்பார் 22 மி.மீ. தடிமன், நடுப்பகுதி சில வண்டிகளில் இன்னும் பருமனாக இருக்கும். அளந்து பார்த்து வாங்குங்கள்.
- 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும், மூடியோடு கூடிய நீர்புகா யுஎஸ்பி சார்ஜர்
- ஃபியூஸ் ஹோல்டர் 2. 3 ஆம்பியர் ஃபியூஸ், 1 ஆம்பியர் ஃபியூஸ் (கைவசம் வைக்க இரண்டிலும் கூடுதலாக)
- 12 வோல்ட் நான்கு முனை ரிலே, அதன் சாக்கெட்டோடு
- 0.75 சதுர மி.மீ. செம்பு வயர், சிவப்பும் கறுப்பும்
- ரிங் டெர்மினல், புல்லட் கனெக்டர், இரண்டாகப் பிரியும் கனெக்டர்
- ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், வயர் மேல் போடும் பிளாஸ்டிக் ஸ்லீவ், கேபிள் டை
- மல்ட்டிமீட்டர், கிரிம்பிங் பிளையர், ஸ்பேனர் செட், ஆலன் கீ

குறிப்பு: மல்ட்டிமீட்டர் வாங்கத் தயங்க வேண்டாம். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

## பகுதி 1: மவுண்ட்

இடம் பார்த்தல்

1. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நீங்கள் ஓட்டும் நிலையில் உட்காருங்கள். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டோடு பார்வை வேறு மாதிரி இருக்கும்.
2. கருவியைக் கையில் பிடித்து இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர், இண்டிகேட்டர் விளக்கு, சாவித் துவாரம் எதையும் அது மறைக்கக் கூடாது.
3. தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் இறக்கினால் திரை தெரிய வேண்டும். ஹேண்டில்பாரின் நடுப்பகுதிதான் பெரும்பாலும் சரியாக வரும். அங்கே அதிர்வும் குறைவு. டேங்க் மேல் வைத்தால் பார்வை ரோட்டை விட்டு அதிக நேரம் விலகும்.
4. ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்புங்கள். கருவி டேங்கிலோ வைசரிலோ இடிக்கக் கூடாது.

பொருத்துதல்

1. கிளாம்ப் உட்காரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள்.
2. கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.
3. பிரேக் கேபிள், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எதுவும் கிளாம்ப்புக்குள் சிக்கவில்லை என்று விரலால் தடவிப் பாருங்கள்.
4. கருவியை மாட்டி, கையால் பிடித்து உலுக்குங்கள். ஹேண்டில்பாரோடு சேர்ந்து ஆடினால் சரி. தனியாக ஆடினால் மறுபடி இறுக்குங்கள்.
5. மவுண்டிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஒரு சிறிய கயிறு கட்டிவிடுங்கள். கிளாம்ப் விட்டாலும் போன் ரோட்டில் விழாது.

குறிப்பு: திரையைச் சற்றே சாய்க்கும்படி மவுண்டின் மூட்டு இருக்கட்டும். மாலையில் துவாக்குடி நோக்கிப் போகும்போது முதுகுப் பக்கத்து வெயில் நேராகத் திரையில் விழும். ஒரு விரல்கடை சாய்த்தால் எழுத்து தெரியும்.

## பகுதி 2: கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

போனுக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட் வேண்டும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர் ஃபியூஸ் இதற்குச் சரியான அளவு.

பேட்டரியில் நேராகக் கோத்தால் சாவியை எடுத்த பிறகும் சார்ஜர் விழித்திருக்கும். நாலைந்து நாள் ஓட்டாமல் விட்டால் சிறிய பேட்டரி தளர்ந்துவிடும். சாவியில் வரும் வயரிலிருந்து முழுக் கரண்டையும் எடுத்தால் வண்டியின் சொந்த சர்க்யூட்டுக்குச் சுமை. இரண்டுக்கும் தீர்வு ரிலே: சாவி வயர் ரிலேயை எழுப்ப மட்டும், சார்ஜருக்கான கரண்ட் நம் சொந்த ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்து.

வயர் நிறத்தை நம்பாதீர்கள். ஹோண்டா வண்டிகளில் பச்சைதான் எர்த். கறுப்பு வயரில் சாவி போட்டதும் பாசிட்டிவ் வரும். யமஹாவில் கறுப்பு எர்த். ஒரு வண்டியில் பழகிய கண்ணோடு இன்னொரு வண்டியில் கை வைத்தால் ஷார்ட் ஆவது நிச்சயம்.

சாவி வயரைக் கண்டுபிடிக்க:

1. பின் பிரேக் சுவிட்சுக்குப் போகும் கனெக்டரைத் தேடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் வலது சைடு பேனலைக் கழற்றினால் தெரியும்.
2. மல்ட்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் தொட்டுக்கொண்டு, சிவப்பு முனையைக் கனெக்டரின் ஒவ்வொரு வயரிலும் தொடுங்கள்.
3. பிரேக்கை மிதிக்கக் கூடாது. சாவி அணைந்திருக்கும்போது 0, சாவி போட்டதும் 12 வோல்ட் அளவில் காட்டும் வயர்தான் நமக்கு வேண்டியது.
4. கிடைத்த வயரில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

எச்சரிக்கை: ஹெட்லைட் வயரிலிருந்து எடுக்காதீர்கள். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போவது ஏசி கரண்ட், சார்ஜர் பாழாகும். பிஎஸ்6 வண்டிகளில் இசியு, ஏபிஎஸ், சென்சார் வயர்களின் பக்கமே போக வேண்டாம்.

## பகுதி 3: வயரிங்

வேலை செய்யும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

1. முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டவுடன் பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே விலகியிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகே பாசிட்டிவ்.
2. ஃபியூஸ். சிவப்பு வயரின் ஒரு முனையில் ரிங் டெர்மினலைக் கிரிம்ப் செய்யுங்கள். அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டரைச் சேருங்கள். ஃபியூஸைச் செருக வேண்டாம், அது கடைசியில். ஃபியூஸ் முதன்மையாகக் காப்பது வயரை. சார்ஜருக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள நீளம் முழுவதும் காப்பில்லாமல் டேங்குக்கு அடியில் கிடக்கும்.
3. ரிலே. சீட்டுக்கு அடியில், நீர் தேங்காத இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். முனைகளில் எண் இருக்கும்:
   - 30: ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ்
   - 87: சார்ஜருக்குப் போகும் சிவப்பு வயர்
   - 86: பிரேக் சுவிட்ச் கனெக்டரிலிருந்து வரும் சாவி வயர், 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக
   - 85: பேட்டரி நெகட்டிவ்
4. சாவி வயர். கனெக்டரைப் பிரித்து, இரண்டாகப் பிரியும் கனெக்டரை இடையில் செருகுங்கள். உங்கள் வண்டியின் கனெக்டர் வேறு வகையாக இருந்தால் அதே மாதிரி ஆண், பெண் இரண்டையும் வாங்கி ஒரு சிறு இடைத்துண்டு செய்துகொள்ளுங்கள். 1 ஆம்பியர் ஃபியூஸ் இங்கே அவசியம்: நம் வயரில் ஷார்ட் ஆனால் அதுவே முதலில் போகும், உங்கள் பிரேக் லைட் தப்பிக்கும்.
5. எர்த். சார்ஜரின் கறுப்பு வயரைப் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோங்கள். ஃபிரேம் போல்ட்டில் மாட்டினால் பெயிண்டும் துருவும் தடுக்கும்.
6. இணைப்புகள். ஒவ்வொரு கிரிம்ப்பையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கழன்றால் இப்போதே கழலட்டும். பிறகு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஏற்றிச் சூடாக்குங்கள். தீக்குச்சி, லைட்டர் கொண்டு சூடாக்குவதாக இருந்தால், வண்டியில் மாட்டும் முன் தனி இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.
7. மறுபடி இணைத்தல். பேட்டரியில் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் அதற்குப் பிறகு. எல்லாம் சரி என்று ஒரு முறை கண்ணால் தொடர்ந்து பார்த்த பின்பு ஃபியூஸ்களைச் செருகுங்கள்.

## வயர் போகும் வழி

வயரிங்கில் கெடுவது பெரும்பாலும் இணைப்பு அல்ல, வழிதான். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர் மடிந்து மடிந்து உள்ளே செம்பு அறுந்துவிடும். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும்.

1. சீட்டிலிருந்து டேங்குக்கு அடியில், வண்டியின் சொந்த வயரிங் கிட் போகும் அதே வழியில் பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு வயரைக் கொண்டுவாருங்கள். டேங்கைக் கழற்ற நேர்ந்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டே கழற்றுங்கள்.
2. எஞ்சின் ஹெட், சைலன்சர் பைப் இரண்டிலிருந்தும் தள்ளியே போகட்டும்.
3. கழுத்துப் பகுதியில் ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, இழுபடாத அளவு தளர்வு விட்ட பிறகே கேபிள் டை போடுங்கள்.
4. சார்ஜருக்குள் நுழையும் முன் வயர் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும். மழைநீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும்; சார்ஜருக்குள் போகாது.

சார்ஜரை ஹேண்டில்பாருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சீட்டுக்கு அடியில் வைத்து ஒன்றரை மீட்டர் மெல்லிய யுஎஸ்பி கேபிள் இழுத்தால், 2 ஆம்பியர் போகும்போது 5 வோல்ட்டில் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகலாம். திரையில் சார்ஜ் ஏறுவதாகக் காட்டும். ஆனால் சதவீதம் இறங்கிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டை நீளமாகக் கொண்டுவந்து, 5 வோல்ட்டைக் குட்டையாக வைப்பதே சரி.

## சோதனை: முதலில் வீட்டில்

1. சாவி அணைந்த நிலையில் சார்ஜர் விளக்கு எரியக் கூடாது. சாவி போட்டதும் ரிலே ‘டக்’ என்று ஒலித்து விளக்கு எரிய வேண்டும்.
2. எஞ்சினை ஓட விட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை சரி. 15-ஐத் தாண்டினால் வண்டியின் ரெகுலேட்டரில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் போனை மாட்ட வேண்டாம்.
3. எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இரு பக்கமும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் தானாகக் கூடினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. இதைச் சரிசெய்யாமல் தெருவில் இறங்காதீர்கள்.
4. முன் பிரேக், பின் பிரேக், பிரேக் லைட், ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள்.
5. போனை எடுத்துவிட்டு, சார்ஜர் மூடியைப் போட்டு, மேலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். துடைத்த பிறகு மறுபடி சோதியுங்கள்.

## சோதனை ஓட்டம்: சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம்

இந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த நல்ல சோதனைப் பாதை இது. நெரிசல் குறைந்த அதிகாலையில் செய்யுங்கள்.

- சத்திரம் பேருந்து நிலையம்: புறப்படும் முன், வண்டி நின்றிருக்கும்போதே சேருமிடத்தைப் பதிவு செய்யுங்கள். ஓட்டிக்கொண்டே திரையைத் தட்டுவதில்லை என்ற பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.
- காவிரிப் பாலம்: பாலத்தின் இணைப்புகளில் வண்டி ஏறி இறங்கும்போது திரை நடுங்குகிறதா, சார்ஜ் விட்டு விட்டு வருகிறதா என்பது தெரிந்துவிடும். பாலத்தில் நிறுத்தாதீர்கள், தாண்டிய பிறகு மாம்பழச் சாலையில் ஓரம் கட்டி மவுண்ட் போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள்.
- திருவானைக்காவல்: தெருக்களில் மெதுவாகத் திரும்பும்போது, திருப்பத்துக்கு முன்பே குரல் வருகிறதா என்று கவனியுங்கள்.
- ராஜகோபுரம்: வண்டியை நிறுத்திவிட்டு சார்ஜ் சதவீதத்தைப் பாருங்கள். புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடியிருந்தால் வயரிங் சரி.

திரும்பும்போது அம்மா மண்டபம் சாலை வழியாக வந்து மாம்பழச் சாலையைப் பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலேயையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு இருந்தால் அங்கே கிரிம்ப் தளர்வாக இருக்கிறது.

## இந்த ஊரில் திரையை நம்பும் அளவு

திறந்த வானத்தின் கீழ் செல்போன் ஜிபிஎஸ் பொதுவாக 5 மீட்டர் அளவுக்குத் துல்லியம் காட்டும். மலைக்கோட்டை அடிவாரத்துப் பெரிய கடைவீதி போன்ற நெருக்கமான இடத்தில் சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால், புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். அப்போது தெருப் பலகையைப் பாருங்கள்.

ஸ்ரீரங்கத்தில் இன்னொரு சிக்கல். கோயிலைச் சுற்றி உத்திர வீதி, சித்திரை வீதி என்று வீதிகள் சதுரம் சதுரமாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு பெயரிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு. வெறுமனே ‘சித்திரை வீதி’ என்று பதிவு செய்தால் கோயிலின் எதிர்ப் பக்கத்துக்கு அழைத்துப் போகும். திசையோடு சேர்த்து முழுப் பெயரைப் பதிவு செய்யுங்கள். வைகுண்ட ஏகாதசி, சித்திரைத் தேர் நாட்களில் போலீஸ் தடுப்பு எந்தப் பக்கம் திருப்புகிறதோ அதுதான் வழி.

ஜி கார்னர், பால்பண்ணை பக்கங்களில் நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும் ஒட்டியே போகின்றன. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று கருவி குழம்பும். புறப்படும் முன்பே பாதையை ஒரு முறை பார்த்து, எங்கே இறங்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் அடுத்த வழி வரை போய்த் திரும்புங்கள், எதிர்த்திசையில் வராதீர்கள்.

வெயில்: ஐபோன்களைச் சுற்றியுள்ள காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் அறிவுரை. திருச்சிக் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும். கோடையில் போனின் உறையைக் கழற்றிவிடுங்கள், வயர்லெஸ் சார்ஜிங் மவுண்டைத் தவிருங்கள், வண்டி வெயிலில் நிற்கும்போது போனை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- ஃபியூஸ் போனதும் பெரிய ஃபியூஸ் போடுவது. 3 போனால் 10 போடுவது வயரை எரிக்கும் வேலை. ஏன் போனது என்று தேடுங்கள்.
- வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப். அது உள்ளே செம்பு இழைகளை அறுக்கும். துரு ஏற வழி விடும்.
- இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்புவது. வெயிலில் பசை இளகி ஒரு கோடையில் கழன்றுவிடும்.
- இரண்டு காதிலும் இயர்போன். பின்னால் வரும் பஸ்ஸின் ஹார்ன் காதில் விழ வேண்டும்.

## மறைவாக வைக்கும் டிராக்கர்

திருட்டுக்குப் பயந்து டிராக்கர் பொருத்துபவர்கள் அதைச் சாவியில் கோக்க முடியாது. பேட்டரியில் நேராகத்தான் கோக்க வேண்டும். எனவே அது ஓய்வில் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று வாங்கும்போதே பாருங்கள். 5 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர் மணி. 3 ஆம்பியர் மணிப் பேட்டரி பன்னிரண்டு நாளில் பாதி காலி. 8 ஆம்பியர் மணிப் பேட்டரி ஒரு மாதம் தாங்கும். ஊருக்குப் போய் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டே வாங்க வேண்டும். டிராக்கருக்கு மேலே இரும்புத் தகடு இருக்கக் கூடாது. சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பகுதி பொருத்தமான இடம். இதற்கும் தனியாக 1 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியை ஒட்டி.

## மாதம் ஒரு முறை

1. மவுண்ட் போல்ட், பேட்டரி டெர்மினல் இரண்டையும் இறுக்கிப் பாருங்கள்.
2. கழுத்துப் பகுதியில் ஸ்லீவ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.
3. ஐப்பசி மழை தொடங்கும் முன், சார்ஜர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.
4. சார்ஜ் ஏறவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: யுஎஸ்பி கேபிள், ஃபியூஸ்கள், ரிலேயின் ‘டக்’ ஒலி, எர்த், கடைசியில் சார்ஜர். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும்.

கடைசியாக, ஒரு தாளில் உங்கள் வயரிங்கை வரையுங்கள்: எந்த ஃபியூஸ் எங்கே, எந்தக் கனெக்டரில் சேர்த்தீர்கள், ரிலே எந்த மூலையில். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடுதல் ஃபியூஸ்களோடு சீட்டுக்கு அடியில் வையுங்கள். அடுத்து வண்டியைப் பிரிக்கும் மெக்கானிக் எவராக இருந்தாலும், எந்த வயர் எதற்கு என்று ஊகித்து வெட்ட வேண்டிய தேவை அவருக்கு வராது.